ஜீப்புக்குச் சாட்சி சொல்லப் போன கதை

"ஏட்டி, உன் லைசென்ஸ் இன்னும் உயிரோட இருக்கா?"

பேச்சியம்மாள் போனில் நலம் விசாரிப்பதில்லை. கல்லூரி விடுதியில் என்னோடு ஒரே அறையில் இருந்த நாளிலேயே அப்படித்தான். பிறகு போலீசில் சேர்ந்து, சப் இன்ஸ்பெக்டராகி, போன வருடம் விருப்ப ஓய்வும் வாங்கிவிட்டாள். குரல் மட்டும் இன்னும் டூட்டியில் இருக்கிறது.

"இருக்கு. எதுக்கு?"

"ஒரு சாட்சி சொல்லணும். கெளம்பி வா."

"கோர்ட்டுலயா?"

"எங்கண்ணன் முன்னால. அதுக்குக் கோர்ட்டே தேவலை."

கும்பகோணத்தில் எனக்கு வேலை இல்லாமல் இல்லை. ஆனால் ஆடி பிறந்திருந்தது, காவிரியில் தண்ணீர் வந்திருந்தது, ஊரே படித்துறைக்கு ஓடிக்கொண்டிருந்தது. எல்லாரும் ஒரு பக்கம் ஓடினால் எனக்கு எதிர்ப் பக்கத்தில் கால் அரிக்கும். பையை எடுத்தேன்.

வழக்கு இதுதான். ராஜபாளையத்துக்குத் தெற்கே, சேத்தூரைத் தாண்டியதும் தேவதானம். அங்கே மலையடிவாரத்தில் பேச்சிக்கும் அவள் அண்ணன் சுப்பையாவுக்கும் பொதுவில் ஒரு மாந்தோப்பு இருக்கிறது. தோப்புப் பாதையில் பாறையும் ஓடையும்தான் அதிகம், பாதை குறைவு. அதற்காகப் பேச்சி ஒரு பழைய டீசல் ஜீப் வாங்கி, ஸ்ரீவில்லிபுத்தூரில் கொடுத்து உயரமாக்கினாள். பெரிய டயர் மாட்டினாள். தோப்புக்குள் அது யானை மாதிரி போகும். தார் ரோட்டுக்கு வந்தால் அதே யானைக்குப் பித்துப் பிடிக்கும். கொஞ்சம் வேகம் எடுத்ததும் முன்சக்கரம் ஒரு பள்ளத்தில் விழுந்தால் போதும், ஸ்டீயரிங் இடமும் வலமுமாக உதற ஆரம்பித்து, வண்டியை நிறுத்துகிறவரை நிற்காது. போன மாதம் சேத்தூர் பக்கம் அப்படி உதறிக்கொண்டே ரோட்டை விட்டு இறங்கி ஒரு வாழைத்தோட்டத்துக்குள் போய் நின்றது. பேச்சிக்குக் கீறல் இல்லை. வாழைகள்தான் சாய்ந்தன.

சுப்பையா அண்ணன் ராணுவத்தில் லாரி ஓட்டி, சுபேதாராக ஓய்வு பெற்றவர். லடாக்கில் பனியின் மேல் ஓட்டியவர். அவர் தீர்ப்பு ஒரு வரி: "வண்டியில ஒண்ணுமில்ல. ஓட்டுற ஆளுலதான் கோளாறு." வண்டியை விற்றுவிடுவது என்றும் முடிவு செய்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கம்பம் ஊரிலிருந்து ஒருவர் வந்து ஓட்டிப் போவதாக ஏற்பாடு.

"நான் டிபார்ட்மெண்டு ஜீப்புல திருடனத் தொரத்துனவ. எனக்கு ஓட்டத் தெரியலங்காரு. நீ மூணாவது ஆளு ஏட்டி. உன் கையிலயும் ஆடுச்சுன்னா வண்டிக் கோளாறு. ஆடலைன்னா என் கோளாறு, சாவியத் தூக்கிக் குடுத்துட்டு வாய மூடிக்கிடுதேன்."

அவள் வாயை மூடுவாள் என்பதை நான் நம்பவில்லை. ஆனால் அவள் குரலில் ஒரு சின்ன நடுக்கம் இருந்தது. அதற்காகத்தான் போனேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் ராஜபாளையத்தில் இறங்கினேன். எங்கள் பக்கம் பூமி தோசைக்கல் போலத் தட்டை. மேடு பார்க்க வேண்டுமென்றால் வைக்கோல் போரைத்தான் பார்க்க வேண்டும். இங்கே எந்தத் தெருவில் திரும்பினாலும் தெரு முனையில் ஒரு மலை நிற்கிறது. டீக்கடைக்குப் பின்னால் மலை, மில் புகைபோக்கிக்குப் பின்னால் மலை, மொட்டை மாடியில் காயும் சேலைக்குப் பின்னால் அதே நீலத்தில் மலை. அதன் இடுக்கு வழியாகக் காற்று இறங்கி வந்து ஆளைத் தள்ளுகிறது. கூடவே பன்னீர் தெளித்த மாதிரி இரண்டு தூறல்.

பஸ் ஸ்டாண்டு வாசலில் ஜீப் நின்றது. அதன் பானெட் என் தோளுக்கு வந்தது. பேச்சி உள்ளிருந்து ஒரு முக்காலியைக் கயிற்றில் கட்டி இறக்கினாள்.

"ஏறி ஒக்காந்துட்டு அதத் தூக்கிரு. போன தடவ ஒரு ஆளு விட்டுட்டுப் போயிட்டான்."

எண்ணெய்ப் பரோட்டா சாப்பிட்டுவிட்டுப் புறப்பட்டோம். எங்கள் ஊர்ப் பரோட்டா துணி மாதிரி மடங்கும். இது கல்லில் எண்ணெயில் பொரிந்து, கடித்தால் அப்பளம் போல நொறுங்குகிறது. சால்னாவை ஊற்றியதும் ரோஷத்தை விட்டு மெல்ல இளகுகிறது. பேச்சியும் அந்த ரகம்தான் என்று நினைத்துக்கொண்டேன், சொல்லவில்லை.

தேவதானம் போகிற வழியெல்லாம் அவள் கைகளைப் பார்த்தேன். ரோடு நேராக இருந்தது. கைகள் நேராக இல்லை. மாவாட்டுகிற மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓயாமல் திருத்திக்கொண்டே இருந்தாள். ஒரு வளைவில் திருப்பிய ஸ்டீயரிங், வளைவு முடிந்த பிறகும் திரும்பியபடியே நின்றது. என்னுடைய சின்னக் கார் அப்படியில்லை. வளைவு முடிந்ததும் பிடியைத் தளர்த்தினால், மாடு தொழுவத்துக்குப் போகிற மாதிரி சக்கரம் தானாக நேருக்கு வந்துவிடும். இந்த ஜீப்புக்கு வீட்டு ஞாபகமே இல்லை. கையைப் பிடித்துக் கூட்டி வர வேண்டியிருந்தது.

வெள்ளிக்கிழமை காலை விசாரணை, ஸ்டீயரிங்கில் நான். தோப்பு வாசலில் இருந்து மெயின் ரோடு வரை கண்மாயை ஒட்டி ஒரு நேரான தார் ரோடு. நடுவில் ஓடைப் பாலம், பாலத்தின் தலைமாட்டில் ஒரு பள்ளம். சுப்பையா அண்ணன் காக்கி அரைக்கால் சட்டையும் தொப்பியும் முறுக்கிய மீசையுமாக முன்சீட்டில் ஏறினார். ஏறியதும் டாஷ்போர்டுக்கு மேலிருந்த கைப்பிடிக் கம்பியை இடது கையால் பற்றினார். பிறகு யோசித்து வலது கையாலும் பற்றினார். தோப்பு நாய் ஒன்று, வெள்ளை உடம்பும் ரோஜா மூக்குமாகப் பின்சீட்டில் பேச்சி பக்கத்தில் ஏறிக்கொண்டது.

தோப்புப் பாதையில் இருந்தவரை நாய் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தது. தார் ரோட்டில் முன்சக்கரம் ஏறியதும் எழுந்தது, எங்கள் எல்லாரையும் ஒரு தடவை பார்த்தது, குதித்து இறங்கித் திரும்பிப் போய்விட்டது.

"பாத்தியா? அதுக்குத் தெரியுது," என்றாள் பேச்சி.

"அதுக்கு ஒன் டிரைவிங் தெரியுது," என்றார் அண்ணன்.

ஓட்டினேன். வேகம் ஏற ஏற வண்டி ரோட்டின் இரண்டு ஓரங்களையும் விசாரித்துக்கொண்டே போனது. காற்று ஒரு பக்கம் தள்ளியது. பாலத்துப் பள்ளத்தில் சக்கரம் இறங்கியதும் அது வந்தது. ஸ்டீயரிங் என் கையை உதறியது. கோழி பிடிக்கிறவன் கையில் கோழி எப்படி அடித்துக்கொள்ளுமோ அப்படி. பானெட் ஆடியது, கண்ணாடி ஆடியது, என் பற்கள் ஒன்றோடொன்று பேசிக்கொண்டன. நான் கத்தினேன் என்று பேச்சி சொல்கிறாள். பாடினேன் என்றுதான் எனக்கு ஞாபகம். பிரேக்கை மிதித்து நிறுத்தினேன்.

"ஆடுச்சு!" என்று பேச்சி பின்சீட்டில் கைதட்டினாள்.

சுப்பையா அண்ணன் கம்பியை விடாமலே என்னைக் கண்ணால் காட்டிச் சொன்னார்: "தங்கச்சிக்கு மேடு பள்ளம் பழக்கமில்ல. ஆத்தங்கரை ஊரு, எல்லாம் சமதளம். பள்ளத்தக் கண்டதும் ஸ்டீயரிங்க இறுக்கிருச்சு. அதான் ஆடுது. இதெல்லாம் சாட்சியா?"

ஒரே வரியில் சாட்சி தள்ளுபடி.

"நீங்க தார் ரோட்டுல ஓட்டுனதே இல்லயே?" என்றேன்.

"ஓட்டிப் பாக்கணுமாக்கும். பாத்தாலே தெரியுது."

உண்மையில் அவர் தோப்புக்குள் முதல் கியரில் மட்டும்தான் ஓட்டுவார். மெயின் ரோட்டுக்குத் தன் மோட்டார் சைக்கிள். அதனால் அவர் பொய் சொல்லவில்லை. அவர் அறிந்த ஜீப் சாதுவானது, அவள் அறிந்த ஜீப் வேறு. ஒரே ஆளைப் பற்றி இரண்டு பேர் சண்டை போடுகிற மாதிரிதான் இருந்தது.

பேச்சி இறங்கி வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். பிறகு போலீஸ் மூளை வேலை செய்தது.

"நீங்களே ஓட்டுங்கண்ணே. வாயால யாரும் பேச வேண்டாம். வண்டியே எழுதிக் காட்டட்டும்."

வீட்டிலிருந்து கோலப்பொடி வந்தது. ஒரு சாக்குப் பையில் கொட்டி, அடியில் சின்ன ஓட்டை போட்டு, வண்டியின் பின் பம்பரில் நடுவே கட்டினாள். வண்டி போகிற பாதையில் கோடு விழும். நேராக ஓட்டினால் நேர்கோடு. கோணலாக ஓட்டினால் ஊரே பார்க்கும். அண்ணனுக்கு மறுக்க வழியில்லை. லடாக் பார்த்தவர் கோலப்பொடிக்குப் பயந்தார் என்று ஆகிவிடும்.

ஆடிக் காற்றை மட்டும் நாங்கள் கணக்கில் எடுக்கவில்லை. அண்ணன் வண்டியை நாலடி நகர்த்தியதும் பொடி முழுவதும் மேலே எழும்பி, ஒரு சுற்றுச் சுற்றி, பின்னால் நின்ற எங்கள் முகத்தில் வந்து அப்பியது. புருவம் வரை வெளுத்து நின்ற எங்களைப் பார்த்து, ஆடு ஓட்டிப் போன ஒருவர் நின்று கேட்டார்: "நாடகம் எங்க?"

பிறகுதான் மாமரங்களுக்கு அடியில் பூசக் கரைத்து வைத்திருந்த சுண்ணாம்பு நினைவுக்கு வந்தது. அதை ஒரு கேனில் ஊற்றி, குழாய் சொருகி, சொட்டுச் சொட்டாக விழ விட்டோம். தண்ணீரைக் காற்றால் அவ்வளவு சுலபமாகத் தூக்க முடியவில்லை. முதலில் பேச்சி ஓட்டினாள். கோடு ரோட்டில் பாம்பு போன தடம் மாதிரி விழுந்தது. பாலம் தாண்டியதும் பாம்புக்கு வலிப்பு வந்து நின்றிருந்தது.

"பாத்தியா லட்சணத்த," என்றார் அண்ணன்.

பிறகு அவர் ஏறினார். சீட்டைச் சரி செய்தார், கண்ணாடியைச் சரி செய்தார், மீசையைச் சரி செய்தார். வண்டி போனது. நாங்கள் பாலத்துக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தோம். பள்ளத்தில் இறங்கியதும் வண்டியின் மூக்கு துடித்தது. உள்ளே அவர் தொப்பி ஒரு பக்கமும் தலை ஒரு பக்கமுமாக ஆடியது. வண்டி நின்றது. வெகுநேரம் யாரும் இறங்கவில்லை.

பிறகு இறங்கி, கோட்டைப் பார்த்துக்கொண்டே மெல்ல நடந்து வந்தார். அவர் கோடு பேச்சி கோட்டை விட அதிகம் வளைந்திருந்தது. அவள் வண்டியோடு பழகியவள், அதன் கிறுக்கு தெரிந்து விட்டுப் பிடித்தாள். இவர் ஒவ்வொரு அசைவுக்கும் உத்தரவு போட்டிருக்கிறார்.

"ரோடு கோணலு," என்றார் முதலில்.

ரோடு அம்பு மாதிரி மெயின் ரோடு வரை கிடந்தது.

"வண்டியிலதான் ஏதோ இருக்கு," என்றார் பிறகு.

பேச்சி என் தோளில் அடித்த அடி இன்னும் வலிக்கிறது. ஜெயித்துவிட்டாள். அந்த மகிழ்ச்சி அண்ணன் அடுத்த வாக்கியம் சொல்கிறவரை இருந்தது.

"கோளாறு ஆளுலன்னா ஆள மாத்தலாம். வண்டியிலயே கோளாறுன்னா பொறவு என்னத்துக்கு வச்சுக்கிட்டு? ஞாயித்துக்கெழம போகட்டும். வாழைத்தோட்டத்துக்குப் பதிலா லாரிக்கடியில போயிருந்தா நான் யாருக்குப் பதில் சொல்லுவேன்?"

சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். முதல் நாளிலிருந்து அவர் வண்டியை விற்பது பற்றிப் பேசியதெல்லாம் எதைப் பற்றிய பேச்சு என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. பேச்சிக்கும் விளங்கியிருக்கும். ஆனால் அவள் விடுகிறவள் இல்லை.

"நாளைக்குச் சரி பண்ணிக் கொண்டாரேன்."

"பாப்போம்," என்றார் அண்ணன், மலையைப் பார்த்து.

சனிக்கிழமை விடிந்ததும் பேச்சியும் நானும் ஜீப்பை மெல்ல உருட்டிக்கொண்டு போனோம். வழியில் டீக்கடைக்காரர் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் நசுக்கச் சொன்னார். நசுக்கினோம். பலன் இல்லை, வாசனை நன்றாக இருந்தது.

ராஜபாளையத்தில் காதர் பாயின் டயர் கடை. டயர்களைக் கழற்றி, சுழல விட்டு, ஈயக்கட்டி அடித்துச் சமன் செய்தார். காற்றைக் கூட்டிப் பார்த்தார், குறைத்துப் பார்த்தார். கடையில் காத்திருந்த இரண்டு பேர் வண்டியை அண்ணாந்து பார்த்துத் தெலுங்கில் பேசிச் சிரித்தார்கள். என்ன என்று பேச்சியைக் கேட்டேன். அவளுக்கு அண்டை வீட்டுத் தெலுங்கு தெரியும்.

"ஆட்டுக்குட்டிக்கு யானைக்கால் மாட்டுன மாதிரி இருக்காம். இன்னொருத்தரு, ஆட்டுக்குட்டிகிட்டக் கேட்டு மாட்டுனாங்களாங்காரு."

காதர் பாய் கை துடைத்துக்கொண்டே சொன்னார்: "அம்மா, என் டயரு குத்தம் சொல்ல வழியில்ல. வேணும்னா ஓட்டிப் பாருங்க. உதறல் கொறையும், போகாது. இது தலை நோவு இல்ல, இடுப்பு நோவு. ஒசரம் பண்ணுன ஆளுகிட்டயே கொண்டு போங்க."

ஓட்டிப் பார்த்தோம். அவர் சொன்ன மாதிரியே குறைந்தது, போகவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூருக்குள் நுழையும்போதே பால் காய்ச்சுகிற வாசனை வந்துவிடுகிறது. பால்கோவாக் கடைகள் வரிசையாக நிற்க, அத்தனைக்கும் மேலே கோபுரம். ஆடிப்பூரத் தேருக்கு இன்னும் சில நாள்தான். தெருவெல்லாம் பந்தல் கால்கள். ஜீப்பை உயரமாக்கிய மாடசாமியின் ஷெட் தேரடியிலிருந்து கூப்பிடு தூரம். மாடசாமி பெரிய தோளும் சின்னக் குரலும் உள்ள மனிதர். பேச்சியைப் பார்த்ததும் எழுந்தார்.

"வாங்க எஸ்.ஐ. அம்மா. வண்டி எப்படி ஓடுது?"

"ஓடல. ஆடுது."

"என் வேலையில ஆடாதே," என்றார். திமிராக இல்லை, நிஜமான ஆச்சரியத்தோடு.

முன்பக்கம் ஜாக்கி கொடுத்துத் தூக்கினார். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்த்தார், பேரிங்கிலோ, சக்கரம் திரும்புகிற ஆணியான கிங் பின்னிலோ அசைவு இருக்கிறதா என்று. இல்லை. என்னை மேலே ஏற்றி ஸ்டீயரிங்கைச் சின்னதாக இப்படியும் அப்படியும் அசைக்கச் சொல்லி, அடியில் படுத்து ஒவ்வொரு மூட்டிலும் விரல் வைத்துப் பார்த்தார். எல்லாம் இறுக்கம். வண்டியைத் தாங்குகிற கமான் பட்டையின் காதுகளில் ரப்பர் புஷ் புதுசு. ஷாக் புதுசு. ஸ்டீயரிங்கிலிருந்து சக்கரத்துக்குப் போகிற கம்பி மட்டும் வண்டி உயர்ந்ததில் அதிகமாகச் சரிந்திருந்தது.

"இதனால பள்ளத்துல விழும்போது ஒரு இழுப்பு இழுக்கும். ஆனா உதறாது. உதறதுக்கு வேற காரணம் இருக்கணும்." மாடசாமி எழுந்து தலையைச் சொறிந்தார். கிரீஸ் முடியில் ஒட்டியது. "ஒண்ணும் புடிபடல. ஒரு டீ குடிச்சுட்டு வருவோம்மா. மண்டை சூடா இருந்தா கண்ணு தெரியாது."

பேச்சியின் முகம் வாடியது. மறுநாள் மத்தியானம் கம்பத்துக்காரர் வந்துவிடுவார்.

டீக்கடை தேரடியில் இருந்தது. தேரைப் பார்த்தேன். எங்கள் தஞ்சாவூர்ப் பக்கத்திலும் தேர்கள் உண்டு, நான் தேருக்குப் புதியவள் இல்லை. ஆனாலும் கழுத்து தானாகப் பின்னால் சாய்ந்தது. மரத்தில் செதுக்கிய ஒரு மலை. மேற்கே நிற்பவற்றில் ஒன்று கீழிறங்கி ஊருக்குள் வந்து இளைப்பாறுகிற மாதிரி இருந்தது.

"இதுக்கு ஸ்டீயரிங் எங்க அண்ணே?" என்று விளையாட்டாகக் கேட்டேன்.

மாடசாமியின் சின்னக் குரல் அப்போது பெரிதானது. "நாங்கதாம்மா ஸ்டீயரிங்கு! எங்க குடும்பந்தான் கட்டை போடுது. எங்கய்யா போட்டாரு, நான் போடுதேன். தேரு ஓடும்போது சக்கரத்துக்குப் பக்கத்துலயே ஓடணும். இடப்பக்கம் திரும்பணும்னா இடப்பக்கச் சக்கரத்துக்கு முன்னால கட்டையச் சொருகணும். அது முக்கும், வலது சக்கரம் சுத்தி வந்துரும். இம்புட்டுதான். செத்த அசந்தா ஆளு காலி."

தேருக்குப் பக்கத்தில் புதிதாகச் சீவிய கட்டைகள் கிடந்தன. ஆப்பு வடிவம், ஒரு முனை மெல்லிசு, மறு முனை தடிமன். ஒன்றை எடுத்து டீக்கடை பெஞ்சில் வைத்தார். டீ கிளாஸைப் படுக்க வைத்துச் சக்கரமாக்கினார்.

"மெல்லிசு முனை சக்கரத்தப் பாத்து இருக்கணும். தடி முனை முன்பக்கம். எப்பவும் தடி முனை முன்பக்கந்தான். இதுல எங்களுக்கு யோசனையே கெடையாது. தூக்கத்துல எழுப்பிக் கையில ஆப்பக் குடுத்தாலும் தடி முனைய முன்னால வச்சுத்தான்..."

நிறுத்தினார்.

கையிலிருந்த கட்டையைப் பார்த்தார். தேரைப் பார்த்தார். ஷெட் இருக்கிற திசையைப் பார்த்தார்.

"என்னண்ணே?" என்றாள் பேச்சி.

கட்டையைப் பெஞ்சிலேயே வைத்துவிட்டு நடக்க ஆரம்பித்தார். நடை ஓட்டமானது. அத்தனை பெரிய தோள்கள் அத்தனை வேகமாகப் போய் நான் பார்த்ததில்லை. டீக்கடைக்காரர் பின்னாலிருந்து கிளாஸுக்காகக் கத்தினார். சக்கரமாக இருந்த கிளாஸ் உருண்டு பேச்சி கையில் விழுந்தது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஜீப்புக்கு அடியில் மாடசாமியின் கால்கள் மட்டும் தெரிந்தன. உள்ளிருந்து சிரிப்பா அழுகையா என்று தெரியாத சத்தம்.

வெளியே வந்து தலையில் அடித்துக்கொண்டு சொன்னார். முன்பு கமான் பட்டை அச்சுக்கு அடியில் இருந்தது. அதை எடுத்து அச்சுக்கு மேலே உட்கார வைத்ததில்தான் வண்டி உயர்ந்தது. அப்படி மாற்றும்போது பட்டைக்கும் அச்சுக்கும் நடுவே ஆப்பு மாதிரிச் சீவிய இரும்புத் தகடு ஒன்றை வைக்க வேண்டும். அது அச்சைக் கொஞ்சம் சாய்த்துப் பிடிக்கும். எதற்குச் சாய்ப்பது என்றேன்.

"சைக்கிள் முன்சக்கரக் கவையப் பாத்திருக்கீகளா? நேரா நிக்காது, ஓட்டுறவன் பக்கமா மேல சாஞ்சிருக்கும். அதனாலதான் கைய விட்டாலும் நேராப் போகுது. ஜீப்புலயும் கிங் பின்னு அப்படித்தான் பின்னால சாயணும். அதுக்கு இந்தத் தகட்டோட தடி முனை பின்பக்கம் இருக்கணும். நான்..."

"முன்பக்கம் வச்சுட்டீக," என்றாள் பேச்சி.

"ரெண்டு பக்கமும் சுத்தமா, ஒரு நூல் பெசகாம, முன்பக்கம் வச்சிருக்கேம்மா. வேலை என்னவோ அழகாத்தான் இருக்கு. போன ஆடியில தேரு ஓட்டிட்டு வந்த கையோட செஞ்சது. கை தேருல இருந்து எறங்கல."

தேருக்கு எப்படிக் கட்டை போடுவார்களோ அப்படியே ஜீப்பின் மூக்குக்கும் போட்டிருக்கிறார். வண்டி நேராகப் போக மறந்தது அதனால்தான். நான் சிரித்தேன். பேச்சி முறைத்தாள். பிறகு அவளும் சிரித்தாள், ஷெட்டுத் தகரம் அதிர. கடைசியில் மாடசாமியும் சேர்ந்துகொண்டார்.

வண்டிச் சட்டத்துக்கு முட்டுக் கொடுத்து, பட்டையை அச்சோடு பிணைத்த யு-போல்ட்டுகளைத் தளர்த்தி, தகடுகளை உருவித் திருப்பி வைத்தார். ஒவ்வொன்றையும் வைக்கும் முன் உரக்கச் சொல்லிக்கொண்டார், "தடி முனை பின்னால, தடி முனை பின்னால," ஜெபம் மாதிரி. எல்லாம் முறுக்கி முடித்துவிட்டுப் பேச்சி அருகே வந்து குரலைத் தணித்தார்.

"நாளைக்குக் கொண்டாங்கம்மா, ஓடுன பொறவு போல்ட்ட மறுபடி ஒருக்க முறுக்கணும். அந்தச் சாஞ்ச கம்பிக்கு இன்னொரு நாளு வைத்தியம் பாப்போம். பொறவு... சுபேதார் அவியகிட்ட இதச் சொல்லிராதீக. தேருக்கு வந்தா என்னப் பாத்துச் சிரிப்பாரு. தேரடியில சிரிச்சா ஊரே சிரிக்கும்."

சத்தியம் செய்து கொடுத்தோம். பேச்சி இன்றுவரை காப்பாற்றுகிறாள். நான் எழுதித்தான் இருக்கிறேன், அண்ணனிடம் சொல்லவில்லை.

மலைக்குப் பின்னால் வெயில் இறங்கும்போது திரும்பினோம். பேச்சி முதலில் பயந்து பயந்து ஓட்டினாள். ஒரு வளைவு வந்தது, திருப்பினாள், வளைவு முடிந்ததும் வழக்கம்போல இழுக்கப் போனாள். இழுக்க வேண்டியிருக்கவில்லை. ஸ்டீயரிங் அவள் உள்ளங்கைக்குள் வழுக்கிக்கொண்டு தானாக நேருக்கு வந்து நின்றது. மாடு தொழுவத்துக்கு வந்துவிட்டது. அவள் என்னைப் பார்த்தாள். அவ்வளவு பெரிய போலீஸ்காரியின் கண்ணில் தண்ணீர்.

"ஸ்டீயரிங்கு கொஞ்சம் கனமா இருக்கு ஏட்டி," என்றாள், கண்ணைத் துடைக்காமல்.

ஞாயிற்றுக்கிழமை காலை. போல்ட் முறுக்க ஸ்ரீவில்லிபுத்தூர் போவது, அப்படியே என்னை மதுரை பஸ்ஸில் ஏற்றிவிடுவது என்று ஏற்பாடு. சுப்பையா அண்ணனும் வருகிறேன் என்றார்.

"கம்பத்துக்காரன் மத்தியானம் வருதான். அதுக்குள்ள திரும்பிரணும். நீ சரி பண்ணிட்டேன்னு சொன்னாப்புல ஆச்சா? என் ஒடம்பு சொல்லணும்."

முக்காலி இறங்கியது, ஏறினார், இரண்டு கையாலும் கம்பியைப் பற்றினார். நாயும் ஏறியது. தோப்பு வாசலில் தார் ரோடு வந்ததும் நாய் எழுந்து, எங்களைப் பார்த்து, குதித்து இறங்கிப் போய்விட்டது. அதற்கு யார் விளக்குவது.

நான் பின்சீட்டில் என் பையோடு இருந்தேன். பையில் சனிக்கிழமை வாங்கிய பால்கோவாப் பொட்டலங்கள். காலைச் சாப்பாடு இல்லாமல் கிளம்பியிருந்தோம். ஒன்றை எடுத்து அண்ணனிடம் நீட்டினேன். இடது கையால் மட்டும் வாங்கினார், வலது கை கம்பியில். ஒரு கையால் காகிதத்தைப் பிரிக்க முடியவில்லை. பல்லால் முயன்றார். மீசையில் ஒட்டியது.

"பாலம் வரும்போது சொல்லு பேச்சி," என்றார் கண்டிப்பாக.

"சரிண்ணே."

கொஞ்ச நேரம் பொட்டலத்தையும் கம்பியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வலது கை கம்பியை விட்டது. ஒரு கையில் பொட்டலத்தை வைத்து மறு கையால் கிள்ளித் தின்ன ஆரம்பித்தார். முறையாக, ஓரத்திலிருந்து, ரசித்து. கண்மாயில் காற்று அலையடித்தது. மேலே மலை நீலமாக நின்றது. கீழே வெள்ளிக்கிழமை போட்ட சுண்ணாம்புப் பாம்புகள் வெளிறிக் கிடந்தன. ஜீப் அவற்றின் நடுவே, எதையும் பார்க்காமல், நேராகப் போய்க்கொண்டிருந்தது. ஒரு இடத்தில் லேசாக ஒரு இழுப்பு இழுத்தது. பேச்சியின் கை கொஞ்சமாக அசைந்து நின்றது.

அண்ணன் விரலை நக்கிவிட்டுக் கேட்டார்: "என்ன, பாலத்த இன்னும் காணோம்?"

"அது போயி செத்த நேரமாச்சுண்ணே."

அவர் திரும்பிப் பின்னால் பார்த்தார். பிறகு முன்னால் பார்த்தார். பொட்டலத்தில் மிச்சமிருந்ததை முடித்தார். சேத்தூர் வந்தது, வாழைத்தோட்டம் வந்தது, போனது. இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்துக்கொண்டார்.

"தங்கச்சி, எனக்குக் கையெல்லாம் ஒட்டுது. சட்டைப் பையில போன் இருக்கு, எடுத்து அந்தக் கம்பத்துக்காரனுக்குப் போடு."

எடுத்தேன். "என்ன சொல்லட்டும் அண்ணே?"

"வர வேண்டாம்னு சொல்லு. விக்கலையாம்னு சொல்லு."

"யாரு விக்கலைங்கறாங்கன்னு கேட்டா?"

அவர் கம்பியைப் பார்த்தார், தொடவில்லை. ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"வண்டிய ஓட்டுறவுக விக்க மாட்டாகளாம்னு சொல்லு."

பேச்சி கியரை மாற்றினாள்.